ஊருக்கு ஒரே ஒரு அப்பனா?

திருப்பூர் பனியன் தொழிலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1925-இல் குலாம் காதர் என்ற வியாபாரி பேபி நிட்டிங் என்ற பெயரில் தொடங்கியதுதான் ஊரின் முதல் பின்னல் ஆலை என்பது பலரும் ஒப்புக்கொண்ட கணக்கு. அவர் கல்கத்தா போய் அங்கே பின்னல் இயந்திரம் ஓடுவதைப் பார்த்து வந்தவர் என்பதும் அந்தக் கணக்கோடு சேர்ந்தது. நூறு என்ற எண்ணைக் கேட்டதும் எங்கள் டீக்கடை பெஞ்சில் ஒரு பேச்சு கிளம்பியது. "ஊரை உண்டாக்கின மனுஷனுக்கு ஒரு சிலை வைக்க வேண்டாமா?" என்றார் ஒருவர். "அவர் ஒருத்தரா உண்டாக்கினார்?" என்றார் இன்னொருவர். இரண்டு டீ ஆறிப் போகிற அளவுக்குச் சண்டை. அதில் என் பக்கம் எது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். எங்கள் பேட்டைக்குக் காதர்பேட்டை என்று பெயர். முதல் பனியன் கம்பெனி வைத்தவர் பெயரிலும் காதர் இருக்கிறது. இரண்டும் ஒரே பெயராக இருந்தால் நாக்கு அவற்றை முடிச்சுப் போடாமல் விடாது. பெஞ்சில் உட்காரும் ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர் இதை ஏற்பதில்லை. அவர் வேறு கதை வைத்திருக்கிறார். "ஏனுங்க சார், காந்தி காலத்துல இந்த ஊரே கதர் ஊருங்க. கதர் வித்த எடம் கதர்பேட்டை. அது வாயில பொரண்டு காதர்பேட்டைன்னு ஆயிப்போச்சுங்க" என்பார். திருப்பூர் ஒரு காலத்தில் கதர் வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர் என்பது உண்மை. ஆனால் ஒரு உண்மையையும் ஒரு ஒலி ஒற்றுமையையும் சேர்த்துத் தைத்தால் வரலாறு ஆகிவிடாது. இருந்தாலும் கேட்க நன்றாக இருக்கிறது. இன்னும் இருபது வருஷத்தில் இதையும் யாராவது பாடப்புத்தகத்தில் போட்டுவிடுவார்கள்.

ஊர்ப் பெயருக்கே நமக்கு ஒரு கதை உண்டு. விராட மன்னனின் பசுக்களைக் கௌரவர்கள் ஓட்டிக்கொண்டு போக, அர்ஜுனன் போரிட்டு அவற்றைத் திருப்பிய இடம் என்பதால் திருப்பூர். அருகில் தாராபுரம்தான் விராடபுரம் என்றும் சொல்வார்கள். கோயம்புத்தூருக்குக் கோவன் என்ற தலைவன். அவன் கும்பிட்ட தெய்வம் கோனியம்மன். இந்தக் கதைகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு ஊர் தன்னைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினால், அந்த ஊர் தன்னை மதிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பிறந்தது புதுச்சேரி, படித்தது பிரெஞ்சு மீடியம், எழுத்தர் வேலைக்காகத் திருப்பூர் வந்து இங்கேயே தங்கிவிட்டவன். பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முன்னோர்கள் யார் தெரியுமா? தலைமுடி மஞ்சளாக, கண் நீலமாக இருந்த கோல் இனத்தார்! வகுப்பில் நாங்கள் முப்பது கறுப்புப் பையன்கள் அதை ஒப்பித்தோம். வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னால் அவர் சிரித்துவிட்டு, நம் முன்னோர் முத்தியால்பேட்டையில் தறி போட்டவர்கள் என்பார்.

அதே வகுப்பில்தான் மார்சேய் நகரம் உண்டான கதையையும் படித்தேன். கிறிஸ்து பிறப்பதற்கு 600 வருஷம் முன்னால், ஆசியா மைனரிலிருந்து கிரேக்கக் கப்பல் ஒன்று அந்தக் கரைக்கு வருகிறது. அன்றைக்கு அந்தப் பகுதி அரசன் தன் மகள் ஜிப்டிஸுக்கு மாப்பிள்ளை தேர்ந்தெடுக்க விருந்து வைத்திருக்கிறான். பெண் யார் கையில் கிண்ணத்தைக் கொடுக்கிறாளோ அவனே மாப்பிள்ளை. உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரையும் விட்டுவிட்டு, அவள் கப்பலில் வந்த பிரோத்திஸிடம் கிண்ணத்தை நீட்டினாள். சீதனமாகக் கிடைத்த நிலத்தில் ஊர் எழும்பியது. மார்சேய்க்காரர்கள் இன்றைக்கும் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் கதை என்று தெரிந்தே சொல்கிறார்கள். அகழ்வாராய்ச்சி தனி, கதை தனி. அந்தப் பழக்கம்தான் நமக்கும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதுச்சேரிக்கு வருவோம். பிரான்சுவா மர்த்தேன் 1674-இல் வந்து நிறுவிய நகரம் என்று பாடம். அவர் பெரிய மனிதர்தான், சந்தேகமில்லை. 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்ததும் மறுபடி வந்து எழுப்பினார். 1706-இல் அங்கேயே இறந்தார். அவர் பெயரில் தெரு இருக்கிறது. ஆனால் 'நிறுவினார்' என்ற சொல் எவ்வளவு பெரிய சொல்! அவருக்கு முன்னால் வெறும் மணலா இருந்தது? ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியப் பானை ஓடுகள் கிடைத்தன. மர்த்தேன் பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே அங்கே கப்பல் வந்து சரக்கு ஏறி இறங்கியிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கரையைத் தேர்ந்தெடுத்ததே துணி வாங்கத்தான். துணி இருந்தது என்றால் நெய்தவர்கள் இருந்தார்கள். என் பாட்டி சொன்னது சரிதான்.

கல்கத்தாவில் இந்த விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேயர் 1690 ஆகஸ்ட் 24-இல் வந்து இறங்கிய நாளே நகரத்தின் பிறந்த நாள் என்று பல காலம் கொண்டாடினார்கள். அதற்கு முன்பே சுதானுடி, கோவிந்தபூர், காளிகாட்டா என்று மூன்று கிராமங்கள் அங்கே இருந்தன. அந்தக் கிராமங்களின் பழைய ஜமீன் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் அறிஞர் குழு வைத்து விசாரித்து, 2003-இல் சார்னாக் அந்த நகரத்தை நிறுவியவர் அல்ல, அந்த ஊருக்கு அப்படி ஒரு பிறந்த நாளும் கிடையாது என்று சொல்லிவிட்டது. நம் குலாம் காதர் பின்னல் இயந்திரத்தைப் பார்த்த ஊர் அதே கல்கத்தா என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். எந்தக் கோப்பிலும் முதல் காகிதம் முதல் காகிதமாக இருக்காது. அதற்கு மேல் பார்வையில் ஒரு பழைய கடித எண் இருக்கும். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தால் அதிலும் இன்னொரு பழைய எண். ஊரும் அப்படித்தான்.

1925-இல் ஒருவர் திருப்பூரில் பனியன் பின்ன முடிந்தது என்றால், அதற்கு முன்னால் இங்கே பஞ்சு வியாபாரம் இருந்தது. பஞ்சு அரைக்கும் ஜின்னிங் பேக்டரிகள் இருந்தன. 1862-இலேயே சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதை வந்துவிட்டது. 1917-இல் ஊர் நகராட்சி ஆனது. சுற்றிலும் கிணற்றுப் பாசனத்தில் பருத்தி விளைவித்த விவசாயிகள் இருந்தார்கள். இத்தனையும் பார்வையில் உள்ள பழைய கடிதங்கள்.

அவருக்குப் பின்னால் பாருங்கள். 1930-களில் பைகாரா மின்சாரம் இந்தப் பக்கம் பரவியிராவிட்டால் கையால் சுற்றும் மெஷின் கையால் சுற்றும் மெஷினாகவே நின்றிருக்கும். உற்பத்தியாளர்கள் 1956-இல் சைமா என்ற சங்கம் வைத்தார்கள். 1978-இல் இத்தாலிக்காரர் ஒருவர் பம்பாய் வழியாக இங்கே வந்து வெள்ளை டீ சட்டை வாங்கிப் போனதிலிருந்துதான் ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்பார்கள். 1984-இல் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நான்கு மாதம் மளிகைக் கடைகளில் கடன் நோட்டு நிரம்பியதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இன்னும் இருக்கிறோம். 1990-இல் ஏற்றுமதியாளர்கள் சங்கம் வந்தது. 2008-இல் மாநகராட்சி, 2009-இல் தனி மாவட்டம். இதில் எந்த வருஷத்தை ஊர் பிறந்த வருஷம் என்று எழுதுவது?

இவ்வளவும் சொன்னதால் குலாம் காதரை நான் சிறியவராக்குகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். முதல் மெஷின் வாங்குகிறவருக்குத்தான் முழு ரிஸ்க். ஓடுமா ஓடாதா, விற்குமா விற்காதா என்று சொல்ல முன்மாதிரி கிடையாது. இரண்டாவது ஆள் அவரைப் பார்த்துச் செய்கிறார், நூறாவது ஆள் ஊரைப் பார்த்துச் செய்கிறார். அந்த மரியாதை அவருக்கு என்றும் உண்டு. அதைவிட முக்கியம், கவுண்டர், செட்டியார், நாடார், மார்வாடி என்று பலரும் வளர்த்த தொழிலில் முதல் பெயர் ஒரு முஸ்லிம் வியாபாரியின் பெயர் என்பதை ஊர் மறக்கக் கூடாது. பெஞ்சில் சிலை வேண்டாம் என்றவர்களில் ஒருவர் ஏன் வேண்டாம் என்றார் என்பது எனக்குப் புரிந்தது. அவர் காரணத்தை நான் ஏற்கவில்லை. அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். ஒருவர் பெயரை அழிப்பதற்காக 'எல்லோரும்தான் உண்டாக்கினார்கள்' என்று சொல்வது ஒரு தந்திரம். எல்லோர் பெயரையும் எழுதுவதற்காக அதையே சொல்வது வேறு.

பிறகு ஏன் ஒற்றை நிறுவனர் கதையை நான் எதிர்க்கிறேன்? என் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறான். மாயாஜால உலகம், டிராகன் எல்லாம் உண்டு. அதில் ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் ஒரு கற்சிலை. அந்த ஊரைத் தனி ஆளாக உண்டாக்கிய வீரனாம். "அந்த ஊரில் தண்ணி யாருடா கொண்டு வந்தது, துணி யாரு தைச்சது?" என்று கேட்டேன். "தாத்தா, அதெல்லாம் கேம்ல வராது" என்றான். சரியான பதில். விளையாட்டில் வர வேண்டாம். ஊரில் வர வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் வந்தவர். பனியன் கம்பெனிகளில் கைமடிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு செக்கிங், அப்புறம் கண் மங்கியதும் பிசிறு வெட்டுவது என்று இருபத்தேழு வருஷம் உழைத்தவர். போன வருஷம் ஓய்வூதியம் ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் மனு எழுதித் தரச் சொன்னார். நான் கேட்டது சாதாரணக் கேள்வி: எந்தக் கம்பெனி, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை? "கம்பெனி பேரு மூணு தடவ மாறிருச்சு சார். மொதலாளி காலமாயிட்டாரு, காண்ட்ராக்ட் மேஸ்திரியும் இல்ல. யார்கிட்டப் போய்க் கேக்குறது?" என்றார். பி.எஃப். சீட்டு கிடையாது. ஹாஜர் புத்தகம் கம்பெனி ஷெட்டோடு போய்விட்டது. ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்கு மாடி. இருபத்தேழு வருஷம் ஒரு மனுஷி இந்த ஊரில் வேலை பார்த்தாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

மனுவை எழுதிக் கொடுத்தேன். இணைப்பு என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லை. வேலை பார்த்த காலத்தில் இப்படி இணைப்பு இல்லாத மனுக்கள் என் மேசைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. 'ஆதாரம் இணைக்கப்படவில்லை' என்ற ஒரு வரியோடு திரும்பிப் போகும். விதி அப்படி. இந்த மனுவும் அதே வரியோடு திரும்பி வந்தது.

இதுதான் என் வாதத்தின் அடிப்படை. ஊர் ஒருவரால் உண்டானது என்று கதை சொல்லச் சொல்ல, மற்றவர்களைப் பற்றிக் காகிதம் வைத்திருக்க யாருக்கும் தோன்றாமல் போகிறது. சிலை ஒன்று வைத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்வோம். அந்த அம்மாவின் இருபத்தேழு வருஷம் காற்றோடு போய்விடும்.

சாயப்பட்டறை விஷயத்தையும் இதே கண்ணால் பாருங்கள். நொய்யல் ஆறு கெட்டுப்போனதற்கு நிறுவனர் என்று யாரையும் நாம் சொல்வதில்லை. அதற்கு மட்டும் 'எல்லோரும்தான் காரணம்'. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டோம். பெருமை என்றால் ஒருவருக்கு, பழி என்றால் எல்லோருக்கும் என்பது நியாயமான கணக்கு இல்லை. வரவும் செலவும் ஒரே பேரேட்டில்தான் எழுத வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது. சிங்கப்பூரில் 1819-இல் வந்து இறங்கிய ராஃபிள்ஸுக்கு ஆற்றங்கரையில் தனிச் சிலை நெடுங்காலமாக இருக்கிறது. 2019-இல் இருநூறாம் ஆண்டு வந்தபோது அந்தச் சிலையை அவர்கள் உடைக்கவில்லை. பக்கத்தில் இன்னும் நான்கு சிலைகள் வைத்தார்கள். ஒருவர் சாங் நீல உத்தமா. சிங்கத்தைக் கண்டு ஊருக்குப் பெயர் வைத்ததாக மலாய்ப் பழங்கதை சொல்லும் இளவரசர். ஒருவர் முன்ஷி அப்துல்லா, எழுத்தர், என் ஜாதி! எழுத்துத் தொழில் ஜாதியைச் சொல்கிறேன். ஒருவர் சீன வியாபாரி டான் டோக் செங். இன்னொருவர் நம் தமிழர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை வைத்தவர், மாரியம்மன் கோயிலை எழுப்பியவர். கதையில் வரும் இளவரசரும் கணக்கில் வரும் செங்கல்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். ராஃபிள்ஸுக்கு அதனால் உயரம் குறைந்துவிடவில்லை.

காதர்பேட்டையிலும் அப்படிச் செய்யலாம். குலாம் காதர் பெயர் முதலில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பஞ்சு வியாபாரி, ஒரு நிட்டிங் மெஷின் பிட்டர், ஒரு கட்டிங் மாஸ்டர், ஒரு சுமை தூக்கும் தொழிலாளி, கைமடித்த ஒரு பெண். இன்றைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கிற பையன்களில் ஒருவனும் வரிசையில் நிற்கட்டும். நாளைக்கு இவனும் பழைய ஆள்தானே? சிலைக்குப் பணம் இல்லை என்றால் ஒரு சுவர் போதும். சுவரும் இல்லை என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

நோட்டுப் புத்தகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸ் பெரிய கவர்னர். அவர் காலத்து ஊர் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பினால். 1736-இல் தொடங்கி 1761 வரை அந்தத் துபாஷி எழுதி வைத்தார். துணி பேரம், கப்பல் வரவு, கவர்னர் வீட்டுச் சண்டை, மழை, வதந்தி எல்லாம் அதில் உண்டு. கவர்னருக்குச் சிலை வைத்தார்கள். இன்று அந்தக் காலத்து ஊரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பிள்ளையின் ஏட்டைத்தான் புரட்டுகிறார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. புதுச்சேரியில் பிறப்பு இறப்புப் பதிவேட்டை எத்தா சிவில் என்போம். அதன் பழைய ஏடுகளில் ஒரு குழந்தை பிறந்ததைப் பதிய அப்பன் பெயர் மட்டும் போதாது. தாயின் பெயர் வேண்டும், வந்து சொன்னவர் பெயர் வேண்டும், சாட்சிகள் கையெழுத்து வேண்டும். ஒரு குழந்தைக்கே இத்தனை பேர் என்றால் ஒரு ஊருக்கு எத்தனை பேர் வேண்டும்?

ஆகவே என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் எழுபதைத் தாண்டியவர்கள். ஞாபகம் இன்னும் கையில் இருக்கிறது, எத்தனை நாளுக்கு என்று தெரியாது. ஆளுக்கு ஒரு முழுத்தாள் எடுங்கள். எந்த வருஷம் இந்த ஊருக்கு வந்தீர்கள், யார் சொல்லி வந்தீர்கள், எந்தத் தெருவில் என்ன கம்பெனி, முதல் வாரக் கூலி எவ்வளவு, கூட வேலை பார்த்தவர்கள் பெயர் என்ன என்று எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும் கண்ணால் பார்த்ததைப் பார்த்தது என்றும் பிரித்து எழுதுங்கள். கதையையும் விட வேண்டாம். கதை என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். அடியில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அது முக்கியம்.

நான் தொடங்கிவிட்டேன். எங்கள் தெரு அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று கம்பெனிப் பெயர்களும் இருக்கின்றன, அவரோடு வேலை பார்த்த பதினோரு பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. அதில் நான்கு பேர் இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரைக் கண்டுபிடித்துச் சாட்சிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. மூன்றாவது ஆள் அனுப்பர்பாளையத்தில் மகள் வீட்டில் இருப்பதாகத் தகவல். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். அதன் பிறகு மனுவை மறுபடி அனுப்பப் போகிறேன், இணைப்போடு.